முதுமை எதைப் பறிக்கிறது, கதிரை எதைப் பறிக்கிறது?

கைப்பிடியில்லாத மரக்கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். இருக்கை தரையிலிருந்து 43 முதல் 45 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். வீட்டிலுள்ள மூத்தவரை அதில் இருத்தி, இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே மடிக்கச் சொல்லுங்கள். கையூன்றாமல் 5 தரம் எழும்பி இருக்க வேண்டும். ஐந்தாந் தரம் நிமிர்ந்து நின்றதும் எத்தனை செக்கன் ஆயிற்று என்று பாருங்கள். தசைநலிவுக்காக ஆசிய ஆய்வாளர்கள் 2019இல் வகுத்த அளவுகோலின்படி, 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் உடலின் செயற்றிறன் குறைந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். சிலர் முதலாவது தரமே எழும்ப ஏலாமல் திகைப்பார்கள். கைப்பிடியுள்ள பிளாஸ்ரிக் கதிரை அந்தக் குறையை அவர்களிடமிருந்தே மறைத்து வைத்திருந்திருக்கும்.

"வயது போனால் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். வயது எடுத்துக்கொண்டது எவ்வளவு, வேலை கொடுக்காமல் விட்டதால் போனது எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. முதலாவது பெரும்பாலும் திரும்பாது. இரண்டாவது 90 வயதிலும் திரும்பும். இரண்டும் சேர்ந்தே தேய்வதால், திரும்பக்கூடியதையும் சேர்த்துக் கைவிட்டுவிடுகிறோம்.

இந்த வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு அமெரிக்காவின் டலஸ் நகரில் நடந்தது. 1966இல், 20 வயதுடைய ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 கிழமை கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். உச்ச உழைப்பின்போது உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒட்சிசனின் அளவு நாலில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அதே 5 பேரை 30 ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்தபோது, 30 ஆண்டு வயதேற்றம் பறித்தது அந்த 3 கிழமைப் படுக்கை பறித்ததிலும் குறைவு என்று தெரிந்தது. பிறகு 6 மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகக் கூட்டினார்கள். 50 வயதில் அவர்களுடைய ஒட்சிசன் அளவு 20 வயதில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. ஆனால் இதயத்தின் உச்சத் துடிப்பு திரும்பவில்லை. 20 வயதில் அடித்த வேகத்தில் 50 வயது இதயம் அடிக்காது. தசைகள் குருதியிலிருந்து ஒட்சிசனைக் கூடுதலாக உறிஞ்சக் கற்றுக்கொண்டு அந்தக் குறையை ஈடுசெய்தன. திரும்புவது எது, திரும்பாதது எது என்பதற்கு இந்த ஒரு முடிவே நல்ல உதாரணம்.

இதயத்தைப் பொறுத்தவரை காலமும் முக்கியம். 45 முதல் 64 வயது வரையான, உடலுழைப்பு இல்லாத 53 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. 2 ஆண்டுகள் கிழமைக்கு 4, 5 நாள் பயிற்சி செய்தவர்களின் இதயச்சுவரின் விறைப்பு குறைந்தது, ஒட்சிசன் அளவு 18 வீதம் கூடியது. 65 தாண்டியவர்களை ஓராண்டு பயிற்றுவித்த முந்திய ஆய்விலோ மூச்சுத்திறன் கூடியது, விறைத்த இதயம் இளகவில்லை. ஓய்வூதியம் எடுத்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

தசைக்குள் நடப்பது

தொடைத் தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. மெதுவாக இயங்கி நெடுநேரம் உழைப்பவை ஒரு வகை, சட்டென்று பலமாக இழுப்பவை மறுவகை. வயது கூடும்போது முதலில் மெலிவது இந்த இரண்டாம் வகைதான். முற்றத்தில் கால் தடக்கினால் அடுத்த காலைச் சட்டென்று முன்னால் வைத்து விழாமல் காப்பது அதுவே. அதனால்தான் ஒரு மைல் நடக்கக்கூடிய முதியவரும் படலையடியில் தடக்கி விழுகிறார்.

முள்ளந்தண்டிலிருந்து தசையை இயக்கும் நரம்புக் கலங்களும் வயதோடு குறைகின்றன. இறந்த கலம் திரும்பாது. பக்கத்து நரம்பு கிளைவிட்டு, அனாதையான இழைகளில் சிலவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளப்படாத இழைகள் அழியும். பயிற்சி செய்வது இரண்டு காரியம். முதல் 6 முதல் 8 கிழமைகளில், இருக்கும் நரம்புகள் கூடுதல் இழைகளை ஒரே நேரத்தில் அழைக்கப் பழகுகின்றன. பலம் கூடும், தசை அவ்வளவாகப் பருக்காது. அதற்குப் பிறகுதான் இழைகள் கண்ணுக்குத் தெரியத் தடிக்கும். "ஒரு மாதம் செய்தேன், கால் அப்படியேதான் மெலிந்திருக்கிறது" என்று நிறுத்துபவர்கள் அளவுநாடாவைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

1990இல் பொஸ்ரனில், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்த, சராசரி 90 வயதுடைய 10 பேருக்குத் தொடைத் தசைக்கான பாரப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களால் ஒருமுறை தூக்கக்கூடிய உச்சப் பாரத்தில் 80 வீதம் என்பது இலக்கு. 8 கிழமையில் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. தசையின் குறுக்களவு கூடியதோ 9 வீதம் மட்டும். இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள அந்தப் பெரிய இடைவெளி நரம்பு செய்த வேலை. பயிற்சியை நிறுத்தி 4 கிழமை விட்டபோது, பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 1994இல் அதே ஆய்வாளர்கள் 100 பேரை வைத்துத் திருப்பிச் செய்தார்கள். 10 கிழமையில் பலம் 113 வீதமும் நடைவேகம் ஏறக்குறைய 12 வீதமும் கூடின. பயிற்சியில்லாமல் சத்துப்பானம் மட்டும் குடித்தவர்களுக்கு எதுவும் மாறவில்லை.

தட்டையான ஊர்

யாழ் குடாநாட்டில் மலையில்லை, ஏற்றமில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு மேல்மாடியும் இல்லை. உடலின் பாரத்தை மேலே தூக்க வேண்டிய தேவை இங்கே வாழ்பவருக்கு நிலத்தால் வருவதில்லை. ஒரு காலத்தில் வேலையால் வந்தது. துலா மிதித்தார்கள், உரலில் மா இடித்தார்கள், திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவினார்கள், பாயில் படுத்து எழும்பினார்கள். ஒரு நாளில் எத்தனை தரம் தரையிலிருந்து எழும்பினோம் என்று எண்ணியவர் இல்லை. இப்போது தண்ணீர் மோட்டரில் வருகிறது, மா பக்கற்றில் வருகிறது, கட்டிலும் கதிரையும் கொமட்டும் வந்துவிட்டன. அவை வேண்டாதவை அல்ல. முழங்கால் நோவுள்ள ஒருவருக்குக் கொமட் விழுகையைத் தடுக்கிறது. ஆனால் அது வந்த அன்றைக்கு அந்தக் கால்களின் கடைசிப் பயிற்சியும் நின்றுபோகிறது. அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும்.

"நான்தான் காலமை நடக்கிறேனே" என்பார்கள். விடிகாலை கோயில் வீதியைச் சுற்றி நடப்பது இதயத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் நல்லது. சைக்கிளும் அப்படியே. இரண்டும் தட்டையான நிலத்தில் செய்யப்படுவதால், எழும்பும் பலத்தை அவை வளர்ப்பதில்லை. நடையை விட வேண்டாம், அதோடு பாரப் பயிற்சியைச் சேருங்கள்.

செய்முறைக்கு அந்த மரக்கதிரையே போதும். கிழமையில் 3 நாள், இடையில் ஒருநாள் ஓய்வு. கதிரை சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீமெந்து நிலத்தில் பின்னால் வழுக்கும். வெறுங்கால் நல்லது, செருப்பு வேண்டாம். சாரமோ சேலையோ கால் நுனியில் மிதிபடாமல் உயர்த்திக் கட்ட வேண்டும். இருக்கையின் முன்விளிம்புக்கு வந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும்வரை முன்னே சாய்ந்து எழும்ப வேண்டும். எழும்ப முடியாதவர்களில் பலர் சாயாமல் நேரே மேலே எழும்பப் பார்க்கிறார்கள். அது பலக்குறையல்ல, முறைப்பிழை. இருக்கும்போது 4 வரை எண்ணிக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும். இறக்கத்தில்தான் தசைக்குப் பாதி வேலை கிடைக்கிறது. தொப்பென்று விழுந்து இருந்தால் அது வீண், நாரியும் அடிபடும். வாய்விட்டு எண்ணுவது மூச்சடக்குவதைத் தடுக்கும். மூச்சடக்கினால் பிறஷர் சட்டென்று ஏறும்.

கையூன்றாமல் ஏலாதவர்களுக்கு, மடித்த தடித்த போர்வையை இருக்கையில் வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். 10 சென்ரிமீற்றர் கூட்டினாலே பலருக்கு எழும்ப வரும். கிழமைக்குக் கிழமை ஒரு மடிப்பைக் குறையுங்கள். ஏலுமானவர்களுக்கு 8 தரம் ஒரு சுற்று, 2 நிமிட ஆறுதல், பிறகு இன்னொரு சுற்று, மொத்தம் 3. கடைசி இரண்டு தரமும் கடினமாக இருக்க வேண்டும், ஆனால் முறை குலையக் கூடாது. ஒரு சுற்றில் 12 தரம் இலகுவாகச் செய்ய வந்தால் பாரம் சேர்க்கும் நேரம் வந்துவிட்டது. தண்ணீர் நிரப்பிய 1.5 லீற்றர் போத்தலை நெஞ்சோடு அணைத்தால் 1.5 கிலோ. பிறகு துணிப்பையில் மணல் கட்டி 3 கிலோ, 5 கிலோ. மாதக்கணக்கில் ஒரே பாரத்தோடு நின்றுவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அதற்கு எதிரான பிழை, முதல்நாளே 50 தரம் செய்துவிட்டு மூன்று நாள் தொடை நோவோடு படுத்து, பயிற்சியையே வெறுப்பது.

இதோடு சன்னற்கம்பியைப் பிடித்து நின்று குதியை உயர்த்தி இறக்குவது 15 தரம். சுவரில் கையூன்றித் தள்ளுவது 10 தரம். 5 கிலோ அரிசிப் பையை ஒரு கையில் தூக்கி விறாந்தையில் 20 அடி நடந்து, கைமாற்றித் திரும்புவது. சமநிலைக்கு, இரு சுவர் சேரும் மூலையில் முதுகைக் காட்டி, முன்னே ஒரு கதிரையை வைத்து நின்று, ஒரு பாதத்தின் குதி மற்றப் பாதத்தின் விரல்களைத் தொட 10 செக்கன் நிற்கப் பழக வேண்டும். தடுமாறினால் சுவர் தாங்கும். கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு எதையும் செய்ய வேண்டாம்.

வெயில் ஏறமுன் அல்லது பின்னேரம் 5 மணிக்குப் பிறகு. தண்ணீரை வெளியேற்றும் குளிசை பாவிப்பவர்களுக்கு வெக்கையில் தலைச்சுற்று வரும். நெஞ்சு நோ, இருக்கும்போதே மூச்சு வாங்குதல், ஒரு பக்கம் பலமிழத்தல், கட்டுப்படாத பிறஷர், அண்மையில் நடந்த கண் அறுவை, இவற்றில் ஏதும் இருந்தால் முதலில் வைத்தியரின் சொல்லைக் கேட்க வேண்டும்.

8 கிழமை ஒழுங்காகச் செய்தும் எதுவும் கூடவில்லையென்றால் காரணம் வேறிடத்தில் இருக்கும். சீனி வருத்தத்துக்குப் பல ஆண்டுகள் மெற்போமின் குளிசை எடுத்தவர்களுக்கும் முழுச் சைவக்காரருக்கும் விற்றமின் பி12 குறைந்து பாதம் மரத்துப்போகலாம். தைரொயிட் குறைவு, நீண்டகால ஸ்ரெரொயிட் மருந்து, நித்திரைக் குளிசை ஆகியவையும் பார்க்க வேண்டியவை. ஆறு மாதத்தில் காரணமில்லாமல் உடல் நிறை 5 வீதம் இறங்கியிருந்தால் பயிற்சியைப் பற்றிப் பேசமுன் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டுக் கணக்கு

முதிய தசை புரதத்துக்குச் செவிடாகிவிடுகிறது. இளைஞருக்குப் போதுமான அளவு அதை எழுப்பாது. ஒரு கிலோ உடல் நிறைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். அதையும் ஒரே வேளையில் குவிக்காமல் வேளைக்கு 20 முதல் 25 கிராமாகப் பிரிக்க வேண்டும்.

தனியே வாழும் ஒரு அம்மாவின் நாளை எண்ணிப் பாருங்கள். காலமை இடியப்பமும் சொதியும் சம்பலும், புரதம் 10 கிராமைத் தாண்டாது. மத்தியானம் சோறு, பருப்பு, கீரை, ஒரு துண்டு மீன், ஏறக்குறைய 25. இரவு புட்டும் வாழைப்பழமும், அல்லது தேத்தண்ணியும் பாணும், மறுபடி 10க்குள். மொத்தம் 45. குறை மத்தியானத்தில் இல்லை, இரு முனைகளிலும் இருக்கிறது. காலமை 2 முட்டை 12 கிராம் சேர்க்கும். அவித்த பயறு ஒரு கோப்பை 14. ஒரு பிடி வறுத்த கச்சான் 7. ஒரு கிளாஸ் பால் 6 அல்லது 7. இரவுப் புட்டுக்கு மீன்குழம்போ கடலைக்கறியோ இருந்தால் கணக்கு நிரம்பிவிடும். பல்லில்லாதவர்களுக்கு ஒடியற்கூழ் அருமையான உணவு. மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் வெந்து கரைந்து கிடக்கும். உழுத்தங்களியும் அப்படியே. கந்தசஷ்டிபோல் தொடர்ந்து விரதமிருப்பவர்கள், சாப்பிடும் அந்த ஒரு வேளையிலாவது பயறும் தயிரும் சேர்க்க வேண்டும். விலைகூடிய பால்மாப் பேணியை வாங்கமுன் ஒருமுறைக்குரிய அளவில் எத்தனை கிராம் புரதம் என்று வாசியுங்கள். இரண்டு முட்டையிலும் குறைவாக இருந்தால் அந்தக் காசை முட்டைக்குக் கொடுப்பது மேல். சிறுநீரக நோயுள்ளவர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

கட்டில்

நலமாக இருந்த, சராசரி 67 வயதுடையவர்களை 10 நாள் படுக்க வைத்து அளந்த ஆய்வொன்று 2007இல் வந்தது. கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போயிருந்தது. நோயில்லாதவருக்கே இந்தக் கதியென்றால், நெருப்புக் காய்ச்சலோ நியூமோனியாவோ வந்தவருக்கு இழப்பு இதிலும் வேகமாக நடக்கும். "ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார், தூக்கிக்கொண்டு வந்தோம்" என்று சொல்லும்போது நோயைத்தான் குற்றம் சொல்கிறோம். பாதிக் குற்றம் படுக்கையினுடையது. விடுதியில் நிற்பவர் தாதியிடமோ வைத்தியரிடமோ முதல்நாளே கேட்க வேண்டியது: இவரை எப்போது இருத்தலாம், எப்போது நடத்தலாம்? அனுமதி கிடைத்ததும் மூன்று வேளைச் சாப்பாடும் கதிரையில். கழிப்பறைக்குப் பிடித்து நடத்திக்கொண்டு போக வேண்டும். படுக்கையிலேயே பிள்ளைபோல ஊட்டிவிடுவது அன்புதான். அந்த அன்பு ஒரு கிழமையில் காலைப் பறித்துவிடும். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வேலைக்கு ஆள் வைத்து, "இருங்கோ அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ" என்று சொல்லும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

திரும்பாதவையும் பொதியில் வருபவையும்

கண்வில்லை வெண்மையானால் தெளியாது. யாழ்ப்பாணத்திலேயே செய்யப்படும் கண்புரை அறுவையில் அதை எடுத்துச் செயற்கை வில்லை வைக்கிறார்கள். பார்வை திரும்புகிறது, வில்லை திரும்பவில்லை. உட்காதின் மயிர்க்கலங்கள் செத்தால் முளைக்காது, கேட்கும் கருவிதான் வழி. சிறுநீரகத்தின் வடிகட்டிகளும் அப்படியே. மூட்டுக் குருத்தெலும்பு வளராது. ஆனால் முழங்கால் நோ குருத்தெலும்பால் மட்டும் வருவதல்ல. தொடைத் தசை பலமானால் தேய்ந்த முழங்காலிலும் நோ குறையும். எலும்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை 8 மாதம் கண்காணிப்போடு பாரம் தூக்க வைத்த ஆய்வில் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 வீதம் கூடியது. இது பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்போது செய்ய வேண்டியது, வீட்டில் தனியே அல்ல.

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் பொதிகளில் இப்போது "இளமைக் குளிசை"களும் வருகின்றன. அவற்றின் பின்னாலுள்ள அறிவியல் பொய்யல்ல. 2006இல் ஜப்பானிய ஆய்வாளர் யமனாக்கா, முதிர்ந்த கலத்தை நான்கு மரபணுக்களால் கருநிலைக்குத் திருப்பினார், 2012இல் நோபல் பரிசு பெற்றார். அவற்றில் மூன்றைப் பயன்படுத்தி எலிகளின் பார்வை நரம்பைப் புதுப்பித்ததாக 2020இல் ஆய்வு வந்தது. ராபாமைசின் என்ற மருந்து முதிய எலிகளின் ஆயுளைக் கூட்டியது என்பது 2009இலேயே தெரியும். அதே மருந்துதான் சிறுநீரக மாற்றத்துக்குப் பின் நோயெதிர்ப்பை அடக்கவும் கொடுக்கப்படுகிறது. மனிதரில் கதை வேறு. வயதான கலங்களை அழிக்கும் மருந்தொன்றை முழங்காலில் ஊசியாகப் போட்டுப் பார்த்த ஆய்வு 2020இல் தோற்றது. வளர்ச்சி ஓமோனும் இரு மருந்துகளும் கொடுத்து இரத்தத்தின் "வயதுக் கடிகாரத்தை"ப் பின்னே திருப்பியதாக 2019இல் வந்த ஆய்வில் இருந்தவர்கள் 9 ஆண்கள், ஒப்பிட வேறு குழு இல்லை. என்.எம்.என். என்ற குளிசை இரத்தத்தில் ஓர் இரசாயனத்தின் அளவைக் கூட்டுகிறது. கூடிய அந்த அளவு ஒருவரைக் கதிரையிலிருந்து எழுப்புமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பிள்ளைகள் அனுப்பும் காசுக்கு முட்டையும் மீனும் ஒரு நல்ல மரக்கதிரையும் வாங்கலாம்.

தரையிலிருந்து எழும்புதல்

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குபவர்களுக்கு நல்ல இலக்கு ஒன்று உண்டு. வீதி மணலில் இருந்து, யாரும் தூக்கிவிடாமல் எழும்புவது. விழுந்தால் எழும்பத் தெரிந்திருப்பதும் இதுவே. கட்டிலருகே பாய் விரித்து, பக்கத்தில் உறுதியான கதிரை வைத்து, துணைக்கு ஒருவரை நிறுத்திக்கொண்டு பழக வேண்டும். முதலில் ஒருக்களித்துப் படுத்து, முழங்கையால் ஊன்றி, கைகளிலும் முழங்கால்களிலும் வருக. கதிரைக்கு ஊர்ந்து போய் இரு கைகளையும் இருக்கையில் வைக்க. பலமான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, கையால் அழுத்தி எழும்பி, உடம்பைத் திருப்பிக் கதிரையில் இருக்க. ஒரு நிமிடம் இருந்த பிறகே நிற்க, ஏனென்றால் பிறஷர்க் குளிசை எடுப்பவர்களுக்கு அந்த நிமிடத்தில்தான் தலை சுற்றும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கலாம். கிழமைக்கு இரண்டு தரம் போதும். முதல்நாள் கதிரைச் சோதனைக்கு எத்தனை செக்கன் எடுத்தது என்பதைக் கலண்டரில் எழுதி, 12 கிழமை கழித்து அதே கதிரையில் அதே நேரத்தில் மறுபடி எழுதுங்கள்.